127ஆம் ரசீது வரை சரியாக ஓடிய நிரல்: ஜாவா எழுதத் தொடங்குவோருக்கு

நான் ஜாவா எழுதத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு சிறு கடைக்கு ரசீது போடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பொருளைத் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளரின் ரசீது எண்ணைத் தட்டினால் பழைய ரசீது திரையில் வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. வீட்டில் இருபது ரசீதுகள் போட்டுச் சோதித்தபோதும் சரியாக வந்தது, கடையில் முதல் நாளும் குறை எதுவும் இல்லை. இரண்டாம் நாள் 128ஆம் ரசீதைத் தட்டியபோது ‘அப்படி ஒரு ரசீது இல்லை’ என்றது நிரல். அச்சிட்ட தாள் கல்லாப் பெட்டியின் மேல் கிடந்தது. கோப்பைத் திறந்தால் அதற்குரிய வரியும் இருந்தது. 127 வரை எந்த எண்ணைத் தட்டினாலும் ரசீது வந்தது, அதற்கு மேல் ஒன்றுகூட வரவில்லை.

காரணம் ஒரே ஒரு குறி. இரண்டு எண்களை ஒப்பிட நான் இட்டிருந்த இரட்டைச் சமக்குறி அந்த இடத்தில் நான் நினைத்த வேலையைச் செய்யவில்லை. நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஏனெனில் இலக்கணப்படி அந்த வரியில் பிழை கிடையாது. புதிதாக வருபவர்களைப் பெரிதும் அலைக்கழிப்பவை இத்தகைய தவறுகளே. அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலரே சுட்டிக்காட்டிவிடும், இவற்றை அது காட்டாது. ஆகவே இந்த வழிகாட்டியில் மொழியின் இலக்கணத்தை முழுதாகச் சொல்லப் போவதில்லை. மளிகைக் கடையின் கடன் நோட்டு ஒன்றை நிரலாக எழுதுவதாக வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் தவறு நுழையாதபடி கிளாஸ்களை, அதாவது தரவையும் அதற்குரிய செயல்களையும் ஒன்றாகக் கட்டும் வார்ப்புகளை, எப்படி அமைப்பது என்று மட்டும் பார்ப்போம்.

ஒரு முன்குறிப்பு: ஜாவாவின் சொற்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தட்டச்சு செய்கையில் அவற்றை ஆங்கிலத்தில்தான் இட வேண்டும். கிளாஸ், மெத்தட் (கிளாஸுக்குள் பெயரிட்டு எழுதும் செயல்), மாறி ஆகியவற்றுக்கு நாம் வைக்கும் பெயர்கள் தமிழில் இருப்பதை ஜாவா தொடக்கத்திலிருந்தே ஏற்கிறது. அலுவலகத்தில் உங்கள் குழு அதை விரும்பாது என்பது வேறு விஷயம்; கற்கும்போது தமிழிலேயே பெயர் வைத்துப் பாருங்கள், எது மொழியின் சொல், எது நீங்கள் வைத்த பெயர் என்ற குழப்பமே வராது.

எழுதும் முன்

ஜேடிகே (ஜாவா நிரல்களைத் தொகுத்து ஓட்டும் கருவித் தொகுப்பு) 21 அல்லது அதற்குப் பின் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். இன்னும் பல இடங்களில் 2014இல் வெளியான 8ஆம் பதிப்பே ஓடிக்கொண்டிருக்கிறது என்றாலும், கற்பவர் அங்கே தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிறுவியபின் கட்டளைச் சாளரத்தில் ‘ஜேஷெல்’ என்று தட்டினால், ஒவ்வொரு வரியாக எழுதி உடனே விடை காணும் இடம் ஒன்று திறக்கும். 9ஆம் பதிப்பில் வந்த இந்த வசதியைப் பலரும் எட்டிப் பார்ப்பதே இல்லை. கீழே வரும் சிறு சோதனைகள் அனைத்தையும் அதில் செய்து பார்க்கலாம். தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வந்தால், நிரலைச் சந்தேகிக்கும் முன் சாளரத்தின் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் படி: மாறிக்குள் இருப்பது எது?

இதை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால் ஜாவாவின் பாதிப் புதிர்கள் அவிழ்ந்துவிடும். இன்ட், லாங் (முழு எண்கள்), டபுள் (புள்ளி எண்), பூலியன் (ஆம் அல்லது இல்லை) போன்ற எட்டு அடிப்படை வகைகளில் மாறிக்குள் மதிப்பே இருக்கும். மற்ற எல்லாவற்றிலும், அதாவது ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), லிஸ்ட் (பட்டியல்), நீங்கள் எழுதும் கிளாஸ்கள் அனைத்திலும், மாறிக்குள் இருப்பது ஆப்ஜெக்ட் (கிளாஸ் என்ற வார்ப்பிலிருந்து உருவாகும் பொருள்) அல்ல. அந்த ஆப்ஜெக்ட் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரிச் சீட்டு மட்டுமே.

ஜேஷெல்லில் ஓர் அர்ரேலிஸ்ட் உருவாக்கி ‘அ’ என்ற மாறியில் வையுங்கள். பிறகு ‘ஆ’ என்ற இன்னொரு மாறியை ‘அ’வுக்குச் சமமாக்கி, ‘ஆ’வில் ஒரு சொல்லைச் சேருங்கள். இப்போது ‘அ’வின் அளவைக் கேட்டால் 1 என்று வரும். ‘அ’வில் நீங்கள் எதையும் சேர்க்கவில்லை; ஆனால் ‘ஆ’வுக்குச் சென்றது சீட்டின் நகலே அன்றி வீட்டின் நகல் அல்ல, ஆதலால் இரண்டு சீட்டும் ஒரே வீட்டைத்தான் காட்டுகின்றன. ஒரு மெத்தடுக்கு ஆப்ஜெக்டை அனுப்பும்போதும் நடப்பது இதுதான். சீட்டின் நகல் உள்ளே செல்கிறது. அதைக் கொண்டு மெத்தட் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை மாற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

இரட்டைச் சமக்குறி ஒப்பிடுவது மாறிக்குள் இருப்பதை. அடிப்படை வகைகளில் அது மதிப்பு என்பதால் சரியான விடை வரும். ஆப்ஜெக்டுகளிலோ ‘இரண்டு சீட்டிலும் ஒரே முகவரியா?’ என்றுதான் அது கேட்கும். ‘உள்ளே இருப்பது ஒன்றுதானா?’ என்று கேட்க வேண்டுமென்றால் ஈக்குவல்ஸ் மெத்தடைத்தான் அழைக்க வேண்டும்.

இப்போது 127க்கு வருவோம். ரசீது எண்ணை நான் இன்ட் வகையில் வைக்காமல், லிஸ்டில் போடுவதற்காக இன்டீஜர் என்ற ஆப்ஜெக்ட் வகையில் வைத்திருந்தேன். இன்ட் மதிப்பை இன்டீஜராக ஜாவா தானாக மாற்றும்போது, -128 முதல் 127 வரையிலான எண்களுக்கு முன்பே செய்து வைத்த ஆப்ஜெக்டுகளையே திரும்பத் திரும்பத் தருகிறது. மொழியின் விதியே அப்படித்தான். ஆகவே 127 வரை இரண்டு சீட்டிலும் ஒரே முகவரி, சமக்குறிக்கு விடை ‘ஆம்’. 128க்கு ஒவ்வொரு முறையும் புதிய ஆப்ஜெக்ட், விடை ‘இல்லை’. ஜேஷெல்லில் இரண்டு இன்டீஜர் மாறிகளில் 127ஐ வைத்து ஒப்பிடுங்கள், பிறகு 128ஐ வைத்து ஒப்பிடுங்கள். அரை நிமிட வேலை. நான் இரண்டு இரவுகள் அதற்குச் செலவழித்தேன்.

ஸ்ட்ரிங்கிலும் இதே பொறி உண்டு. நிரலில் நேரடியாக எழுதிய இரண்டு ஒரே மாதிரியான மேற்கோள் சொற்கள் ஒரே ஆப்ஜெக்டைப் பகிர்ந்துகொள்வதால், சமக்குறி தற்செயலாகச் சரியாக வேலை செய்துவிடும். பயனர் விசைப்பலகையில் தட்டிய சொல்லோடு ஒப்பிட்ட கணமே பல்லிளிக்கும். எனவே ஆப்ஜெக்டுகளை ஒப்பிடும் இடத்தில் எல்லாம் ஈக்குவல்ஸ். இரண்டில் ஒன்று வெற்றாக இருக்க வாய்ப்புண்டு என்றால் ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸில் உள்ள ஈக்குவல்ஸ். முன்பே வரையறுத்த சில மதிப்புகளை மட்டும் கொண்ட ஈனம் (enum) வகைக்கு மட்டும் இரட்டைச் சமக்குறியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஏனெனில் அதன் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓர் ஆப்ஜெக்ட்தான் இருக்க முடியும்.

இரண்டாம் படி: பணத்துக்கு ஒரு வகை

கடன் நோட்டில் முதலில் எழுத வேண்டிய கிளாஸ் வாடிக்கையாளர் அல்ல, தொகை. புதியவர்கள் தொகையை டபுளில் வைப்பார்கள். புள்ளி வருகிறதே, டபுள்தானே என்ற நியாயமான எண்ணம். ஜேஷெல்லில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள். விடை 0.30000000000000004 என்று வரும். டபுள் எண்களை இரும அடிப்படையில் வைப்பதால், பத்தில் ஒன்று என்ற பின்னத்தை அதனால் துல்லியமாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றைப் புள்ளி வைத்து எழுதினால் நமக்கு முடிவே வராததைப் போல. ஒரு வரியில் தெரியாத இந்தத் துணுக்கு, நூற்றுக்கணக்கான வரிகளைக் கூட்டியபின் பைசாவாக எட்டிப் பார்க்கும், ‘பாக்கி சுழியமா?’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லும்.

பிக்டெசிமல் என்ற கிளாஸ் இதற்கென்றே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் டபுளிலிருந்து உருவாக்காமல் ஸ்ட்ரிங்கிலிருந்து உருவாக்குங்கள், இல்லையேல் டபுளின் துணுக்கும் கூடவே வந்து சேரும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: 1.0, 1.00 இரண்டும் ஈக்குவல்ஸ்படி சமமல்ல, கம்பேர்டு மெத்தட்படி சமம். வட்டி, வரி என்று பின்னங்கள் பெருகும் இடங்களுக்கு அது ஏற்றது. நம் நோட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. எல்லாவற்றையும் பைசாவாக்கி ஒரு லாங் எண்ணில் வைத்தால் போதும்.

ஆனால் வெறும் லாங்காக விட்டுவிடாதீர்கள். ஒரு மெத்தட் லாங் கேட்டால், அதற்கு ரூபாயையும் கொடுக்கலாம், பைசாவையும் கொடுக்கலாம், கைபேசி எண்ணையும் கொடுக்கலாம். கம்பைலர் எதையும் தடுக்காது. 16ஆம் பதிப்பில் நிலைபெற்ற ரெக்கார்டு வசதியைக் கொண்டு ‘தொகை’ என்ற வகையை ஒரே வரியில் உருவாக்கலாம்: ரெக்கார்டு என்ற சொல், தொகை என்ற பெயர், அடைப்புக்குறிக்குள் லாங் பைசா. கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி), ஈக்குவல்ஸ், ஹாஷ்கோட் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் எண்), அச்சிடும் வடிவம் அனைத்தையும் கம்பைலரே எழுதிக்கொள்ளும். இனி தொகை கேட்கும் இடத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்தால் நிரல் தொகுக்கவே படாது.

தொகைக்குள் ‘கூட்டு’, ‘கழி’ என்ற மெத்தடுகளை எழுதுங்கள். கூட்டுவதற்குச் சாதாரணக் கூட்டல் குறியைவிட மேத் கிளாஸின் ஆட்எக்ஸாக்ட் பாதுகாப்பானது. எல்லை மீறினால் சாதாரணக் கூட்டல் சத்தமின்றி எதிர்மறை எண்ணுக்குத் தாவிவிடும், இதுவோ பிழையை எறியும், அதாவது வேலையை அங்கேயே நிறுத்திப் பிழையைத் தெரிவிக்கும். இரு மெத்தடுகளும் பழைய தொகையை மாற்றாமல் புதிய தொகை ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். மாறாத ஆப்ஜெக்டின் சீட்டு எத்தனை பேரிடம் இருந்தாலும் யாரும் யாருடைய கணக்கையும் கெடுக்க முடியாது. இதற்குப் புதியவர்கள் தரும் விலை ஒன்று உண்டு: ‘பாக்கி.கூட்டு’ என்று அழைத்துவிட்டு, வந்த விடையை எதிலும் வாங்கி வைக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். பாக்கி அப்படியே இருக்கும். ஸ்ட்ரிங்கில் இடைவெளி நீக்கும் மெத்தடை அழைத்துவிட்டு ‘நீங்கவில்லையே’ என்று கேட்பவர்கள் செய்வதும் இதே தவறுதான்.

தொகையை அச்சிடும் வரியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பைசாவை 100ஆல் வகுத்து, புள்ளி வைத்து, மீதியை ஒட்டினால் போதும் என்று தோன்றும். 1205 பைசாவுக்கு அது 12.5 என்று அச்சிடும். படிப்பவர் பன்னிரண்டரை ரூபாய் என்று எடுத்துக்கொள்வார். மீதியை எப்போதும் இரண்டு இலக்கமாக எழுதச் சொல்ல வேண்டும். எதிர்மறைத் தொகை வந்தால் இன்னொரு கோளாறு: -50 பைசாவை 100ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி -50, ஆகவே 0.-50 என்று வரும். குறியை முதலில் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, குறி நீக்கிய மதிப்பை வகுங்கள். எடைக் கணக்கிலும் இப்படித்தான். கிலோ 48 ரூபாய் 50 பைசா விலையில் 175 கிராம் என்றால் 4850ஐ 175ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். சரியான விடை 848.75 பைசா. முழு எண் வகுத்தல் பின்னத்தை வெட்டி 848 என்று தரும். வகுக்கும் முன் 500ஐச் சேர்த்தால் 849. எது சரி என்பதைக் கடைக்காரரிடம் கேளுங்கள், ஆனால் அந்த முடிவு நிரலில் ஒரே ஓர் இடத்தில், தொகை கிளாஸுக்குள், எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: விதி எங்கே குடியிருக்க வேண்டும்?

அடுத்தது ‘கடன்கணக்கு’. பாடப்புத்தகங்கள் பலவற்றைப் பின்பற்றி, ஃபீல்டுகளை (கிளாஸுக்குள் இருக்கும் மாறிகளை) வெளியார் தொட முடியாத பிரைவேட் ஆக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பைப் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. என் பார்வையில் அது கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது. பாக்கிக்கு ஒரு செட்டர் இருந்தால், நிரலின் எந்த மூலையிலிருந்தும் பாக்கியை எதுவாகவும் மாற்றலாம். ‘பாக்கி கடன் வரம்பைத் தாண்டக்கூடாது’ என்ற விதியை அழைக்கும் ஒவ்வோர் இடமும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து இடங்களில் ஒன்று மறக்கும்.

செட்டர்களை எழுதாதீர்கள். கடையில் உண்மையில் என்ன நடக்கிறதோ அதற்கு மெத்தட் எழுதுங்கள்: ‘பொருள்வாங்கு’, ‘பணம்கட்டு’. வரம்புச் சோதனை ‘பொருள்வாங்கு’ மெத்தடின் முதல் வரியில் இருக்கட்டும். வரம்பு மீறினால் பிழையை எறியுங்கள்; பிழைச் செய்தியில் ‘தவறான தொகை’ என்று மட்டும் எழுதாமல், கணக்கு எண், இப்போதைய பாக்கி, கேட்ட தொகை, வரம்பு நான்கையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து இரவு பத்து மணிக்கு அந்தச் செய்தியைப் படிக்கப் போவது நீங்கள்தான். கன்ஸ்ட்ரக்டரிலும் இதே கண்டிப்பு வேண்டும். கணக்கு எண் இல்லாத கணக்கோ, எதிர்மறை வரம்புள்ள கணக்கோ உருவாகவே கூடாது.

பாக்கியை ஒரு ஃபீல்டாக வைப்பதா, பதிவுகளைக் கூட்டிக் கண்டுபிடிப்பதா என்ற கேள்வி இங்கே எழும். கூட்டிக் கண்டுபிடியுங்கள். ஒரே உண்மையை இரண்டு இடங்களில் வைத்தால், ஒருநாள் இரண்டும் வேறுவேறு கதை சொல்லும். ஒரு வாடிக்கையாளருக்குச் சில நூறு பதிவுகள் என்றால் அவற்றைக் கூட்டுவது கணினிக்கு ஒரு வேலையே அல்ல. வேகம் போதவில்லை என்று அளந்து பார்த்துத் தெரிந்தபின் மாற்றிக்கொள்ளலாம்.

பதிவுகளின் லிஸ்டுக்கு ஃபைனல் என்று போட்டுவிட்டால் அது பாதுகாக்கப்பட்டுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஃபைனல் பூட்டுவது சீட்டை மட்டுமே. அந்த மாறி இனி வேறு லிஸ்டைக் காட்டாது, அவ்வளவுதான். லிஸ்டில் சேர்ப்பதும் நீக்குவதும் தடையின்றி நடக்கும். ஆகவே ‘பதிவுகள்’ என்ற கெட்டர் அந்த லிஸ்டை அப்படியே வெளியே கொடுத்தால், வாங்கியவர் அதிலிருந்து ஒரு கடனை நீக்கிவிட முடியும். கணக்குக்குத் தெரியவே தெரியாது. லிஸ்ட் இன்டர்ஃபேஸின் (ஒரு வகையிடம் என்னென்ன மெத்தடுகள் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) காப்பிஆஃப் மெத்தடால் மாற்ற முடியாத நகல் ஒன்றைக் கொடுங்கள். கலெக்‌ஷன்ஸ் கிளாஸின் அன்மாடிஃபையபிள்லிஸ்ட் தருவது நகல் அல்ல, கண்ணாடிக் கதவு. வெளியார் தொட முடியாது, ஆனால் உள்ளே மாறுவது அவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். எது வேண்டும் என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: இரண்டு கோமதிகள்

கணக்குகளைத் தேடி எடுக்க, திறவுகோலைக் கொடுத்தால் அதற்குரிய ஆப்ஜெக்டைத் தரும் ஹாஷ்மேப் வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைப் பயன்படுத்துவதில்தான் அடுத்த பொறி இருக்கிறது. அதற்குள் வரிசையாக அறைகள் உள்ளன, தொடக்கத்தில் 16. திறவுகோலாக நீங்கள் தரும் ஆப்ஜெக்டின் ஹாஷ்கோட் எண்ணைக் கொண்டு எந்த அறை என்று முடிவாகிறது. அந்த அறைக்குள் சென்றபின்தான் ஈக்குவல்ஸ் கொண்டு சரியான ஆள் யார் என்று பார்க்கப்படுகிறது. முக்கால் பங்குக்கு மேல் நிரம்பினால் அறைகள் இரட்டிப்பாகும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் தாமாகவே வருகின்றன. ஈக்குவல்ஸை நீங்களே எழுதினால் ஹாஷ்கோடையும் எழுத வேண்டும். இல்லையென்றால் சமமான இரண்டு ஆப்ஜெக்டுகள் வேறு வேறு அறைகளுக்குப் போகும், தேடல் தவறான அறையில் நின்று ‘இல்லை’ என்று சொல்லும். இரண்டாவது, மாறக்கூடிய ஆப்ஜெக்டைத் திறவுகோலாக வைக்கக்கூடாது. வைத்தபின் அதன் உள்ளடக்கம் மாறினால், அது பழைய அறையிலேயே கிடக்கும், தேடல் புதிய அறைக்குப் போகும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாமல் செய்வதே ரெக்கார்டின் பெரிய உதவி. அதன் ஃபீல்டுகளும் மாறாதவையாக இருக்கும்வரை அச்சமின்றித் திறவுகோலாக்கலாம்.

பெயரால் தேடும்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். ஆங்கிலப் பாடங்கள் எதுவும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். ‘கோமதி’ என்ற பெயரை நினைவகத்தில் இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது முன்னால் தெரியும் இரட்டைக் கொம்பையும் பின்னால் தெரியும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஸ்ட்ரிங்கின் லெங்த் மெத்தடைக் கேட்டால் முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 6. ஈக்குவல்ஸ் ‘சமமல்ல’ என்று சொல்லும். பெயர்கள் ஒரு செயலியில் தட்டச்சு செய்யப்பட்டும், இன்னொரு பழைய கோப்பிலிருந்து மாற்றப்பட்டும் வந்து சேரும் நோட்டில், ஒரே கோமதிக்கு இரண்டு கணக்குகள் விழும். பாதிக் கடன் ஒன்றில், மீதி மற்றொன்றில். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

தீர்வு, ஜாவா.டெக்ஸ்ட் தொகுப்பில் உள்ள நார்மலைசர் கிளாஸ். அதன் நார்மலைஸ் மெத்தடுக்கு என்எஃப்சி என்ற வடிவத்தைக் கொடுத்தால், பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கித் தரும். இதைத் தேடும் இடத்தில் ஒருமுறை, சேர்க்கும் இடத்தில் ஒருமுறை என்று தூவாதீர்கள். ‘பெயர்’ என்ற ரெக்கார்டு ஒன்றை எழுதி, அதன் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே முன்பின் இடைவெளிகளை ஸ்ட்ரிப் மெத்தடால் நீக்கி, என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, வெற்றுப் பெயராக இருந்தால் பிழை எறிந்துவிடுங்கள். அதன்பின் நிரலில் ‘பெயர்’ என்ற வகையில் எது இருந்தாலும் அது சுத்தமானதுதான் என்று நம்பலாம்.

முதலெழுத்தை எடுக்கவும் சார்அட் மெத்தடை நம்ப வேண்டாம். ‘கோமதி’யில் அது ‘க’வை மட்டும் தரும். ஸ்ட்ரிங்பில்டரின் ரிவர்ஸ் மெத்தடைத் தமிழ்ச் சொல்லின் மீது ஏவினால், உயிர்க்குறிகள் மெய்களைவிட்டு அறுந்து முன்னே வந்து நிற்கும். நாம் எழுத்து என்று காண்பதை ஒரு முழு அலகாக எடுக்க, பிரேக்இடரேட்டர் கிளாஸ் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், உண்மையான இரண்டு கோமதிகள் ஒரே தெருவில் இருக்கலாம் என்பதால், மேப்பின் திறவுகோல் வாடிக்கையாளர் எண்ணாகவே இருக்கட்டும்; பெயர் தேடலுக்கு மட்டும்.

ஐந்தாம் படி: இல்லாததைச் சொல்லும் முறை

தேடியவர் கிடைக்கவில்லை என்றால் எதைத் திருப்பித் தருவது? ‘நல்’ என்ற வெற்றுச் சீட்டைத் தருவது எளிய வழி. பெயரில் இருக்கும் நன்மை செயலில் இல்லை. 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் இதைச் சேர்த்த கணினி அறிஞர் டோனி ஹோர், 2009இல் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றே குறிப்பிட்டார். தேடும் மெத்தட் ஆப்ஷனல் வகையைத் திருப்பித் தந்தால், ‘கிடைக்காமலும் போகலாம்’ என்பது மெத்தடின் தலைப்பிலேயே எழுதப்பட்டுவிடும். அழைப்பவர் இரு நிலைகளையும் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். லிஸ்ட் தரும் மெத்தட் எதுவும் நல் தரக்கூடாது, காலி லிஸ்டைத் தரட்டும். கன்ஸ்ட்ரக்டரில் வரும் சீட்டுகளை ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸின் ரிக்வயர்நான்நல் கொண்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும், வெற்றுச் சீட்டைப் பயன்படுத்தினால் வரும் நல்பாயின்டர் பிழை வந்தால் பதற வேண்டாம். 14ஆம் பதிப்பு முதல் எந்த மாறி வெற்றாக இருந்தது என்பதைப் பிழைச் செய்தியே சொல்ல முடியும். செய்தியை முழுவதும் படியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆறாம் படி: வாரிசுரிமையைத் தள்ளிப்போடுங்கள்

ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கம் என்றதும், ஒரு கிளாஸை இன்னொன்றின் வாரிசாக்கும் எக்ஸ்டெண்ட்ஸ் என்ற சொல்லைப் பயன்படுத்திப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ‘கடன்நோட்டு’ என்ற கிளாஸ் அர்ரேலிஸ்டை எக்ஸ்டெண்ட்ஸ் செய்தால், சேர்க்கும் மெத்தடை எழுதும் வேலை மிச்சம். ஆனால் அர்ரேலிஸ்டின் நீக்கும் மெத்தட், முழுவதையும் அழிக்கும் கிளியர் மெத்தட் எல்லாமே நோட்டின் மெத்தடுகளாகிவிடும். ஜாவாவை உருவாக்கியவர்களும் இதில் தப்பவில்லை. ஸ்டாக் என்ற கிளாஸ் வெக்டர் கிளாஸின் வாரிசாகத் தொடக்கப் பதிப்பிலேயே எழுதப்பட்டது. மேலிருந்து மட்டுமே எடுக்க வேண்டிய அடுக்கின் நடுவில் ஒரு பொருளைச் செருக இன்றும் அது அனுமதிக்கிறது, பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் திருத்தவும் முடியவில்லை. நோட்டுக்குள் ஒரு லிஸ்டை பிரைவேட் ஃபீல்டாக வைத்து, தேவையான இரண்டு மூன்று மெத்தடுகளை மட்டும் வெளியே காட்டுங்கள்.

வகைகளுக்கு இடையே உண்மையான உறவு இருக்கும் இடத்தில் இன்டர்ஃபேஸ் நன்றாகப் பொருந்தும். நம் நோட்டில் ஒரு பதிவு என்பது வாங்கலாகவோ செலுத்தலாகவோ இருக்கும். ‘பதிவு’ என்ற இன்டர்ஃபேஸை, 17ஆம் பதிப்பில் நிலைபெற்ற சீல்டு என்ற சொல்லோடு எழுதி, ‘வாங்கல்’, ‘செலுத்தல்’ என்ற இரண்டு ரெக்கார்டுகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பாக்கியைக் கணக்கிடும் இடத்தில், 21ஆம் பதிப்பின் ஸ்விட்ச் கொண்டு இரண்டு வகைகளையும் பிரித்தெடுங்கள். எதிலும் சேராதவை வந்து விழும் டிஃபால்ட் கிளையை எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கடைக்காரர், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதையும் நோட்டில் ஏற்ற வேண்டும் என்பார். ‘திருப்பல்’ என்ற மூன்றாவது ரெக்கார்டை நீங்கள் சேர்த்த உடனே, அதைக் கணக்கில் எடுக்காத ஒவ்வொரு ஸ்விட்சையும் கம்பைலர் வரி எண்ணோடு காட்டிவிடும். டிஃபால்ட் கிளை இருந்திருந்தால் திருப்பல்கள் அதற்குள் விழுந்து காணாமல் போயிருக்கும்.

ஏழாம் படி: கோப்பும் பிழையும்

நோட்டைக் கோப்பில் எழுதும்போது திறந்த கோப்பை மூடும் வேலையை உங்கள் நினைவாற்றலிடம் விடாதீர்கள். ட்ரை என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் கோப்பைத் திறந்தால், நடுவில் பிழை வந்தாலும் ஜாவாவே மூடிவிடும். 18ஆம் பதிப்புக்கு முந்தையது என்றால் யூடிஎஃப்-8 என்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். இல்லையேல் உங்கள் கணினியில் தமிழாக இருந்தது கடையின் கணினியில் புரியாத குறிகளாக மாறும். எறியப்பட்ட பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதியை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். கம்பைலரின் வாயை அடைப்பதற்காக எழுதப்படும் காலிக் கேட்ச், கோப்பு எழுதப்படவில்லை என்ற செய்தியை விழுங்கிவிடும். அடுத்த நாள் காலை நோட்டில் முந்தைய நாளே இருக்காது. என்ன செய்வதென்று தெரியாத பிழையை மேலே அனுப்பிவிடுவதே நேர்மை.

எட்டாம் படி: எந்த எண்ணைக் கொண்டு சோதிப்பது?

ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியை முதல் கிளாஸ் எழுதும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனைகள் எத்தனை என்பதைவிட எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பது முக்கியம். பிழைகள் பெரும்பாலும் எல்லைக் கோட்டில்தான் படுத்திருக்கும். கடன் வரம்பு 5000 ரூபாய் என்றால், சரியாக 5000க்கு வாங்கினால் ஏற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பைசா என்றால் மறுக்க வேண்டும். மறுத்தபின் பாக்கி பழையபடியே இருக்கிறதா என்பதையும் பாருங்கள், பாதி மாற்றிவிட்டுப் பிழை எறியும் மெத்தடுகள் உண்டு. பதிவே இல்லாத கணக்கின் பாக்கி சுழியமா? 1205 பைசா எப்படி அச்சாகிறது? பிரிந்த குறிகளோடு வந்த கோமதியைச் சேர்ந்த குறிகளோடு தேடினால் கிடைக்கிறாரா?

என் ரசீது நிரலில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே வரிதான். அதன்பின் இன்றுவரை, எந்த நிரலுக்குச் சோதனை எழுதினாலும் ரசீது எண்ணோ கணக்கு எண்ணோ 1இல் தொடங்குவதில்லை, 1000இல் தொடங்கிவிடுகிறேன்.